லினக்ஸ் சர்வர்களுக்கு இடையே கோப்புகளை எஸ்எஸ்எச் வழியாக வேகமாக அனுப்புவது எப்படி? புதியவர்களுக்கான வழிகாட்டி

இரண்டு பக்கமும் நல்ல சர்வர்கள், நடுவில் 1 ஜிபிபிஎஸ் இணைப்பு. 500 ஜிபி தரவை ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாற்ற வேண்டும். எஸ்எஸ்எச் என்ற பாதுகாப்பான இணைப்பு வழியாகக் கோப்பை நகலெடுக்கும் எஸ்சிபி கட்டளையைத் தட்டினால் திரையில் நொடிக்கு 10 எம்பி என்று காட்டுகிறது. இந்த வேகத்தில் போனால் வேலை முடியக் கிட்டத்தட்ட 14 மணி நேரம் ஆகும். இணைப்பை முழுதாகப் பயன்படுத்தினால் ஒன்றேகால் மணி நேரத்தில் முடிந்துவிடும்.

இப்படி மாட்டிக்கொண்டவர்கள் இணையத்தில் தேடினால், "என்கிரிப்ஷன்தான் காரணம், சைஃபரை மாற்று" என்ற பதில்தான் முதலில் கண்ணில் படும். சைஃபர் என்பது தரவை மறைகுறியாக்கும் முறை. ஆர்க்ஃபோர் போடு, புளோஃபிஷ் போடு என்றுகூடச் சில இடங்களில் இருக்கும். அந்த அறிவுரைக்குக் காலம் முடிந்து ரொம்ப நாள் ஆகிறது. ஆர்க்ஃபோர் பலவீனமானது என்று நிரூபணமாகி, 2014-இல் வந்த ஓபன்எஸ்எஸ்எச் 6.7 பதிப்பிலேயே சர்வர் பக்கத்தின் வழக்கமான பட்டியலிலிருந்து அதை எடுத்துவிட்டார்கள். 2017-இல் வந்த 7.6 பதிப்பில் ஆர்க்ஃபோர், புளோஃபிஷ் இரண்டுமே மொத்தமாக நீக்கப்பட்டன. இன்று அந்தப் பெயர்களைக் கொடுத்தால் பிழைச் செய்திதான் வரும்.

இன்றைய சர்வர்களில் என்கிரிப்ஷனே தடையாக இருப்பது அபூர்வம். தடை பெரும்பாலும் நான்கு இடங்களில் ஒன்றில் இருக்கும்: டிஸ்க், பிராசசர், சர்வர்களுக்கு இடையே உள்ள தூரம், கோப்புகளின் எண்ணிக்கை. இந்த நான்கில் எது என்று அளந்து பார்த்துவிட்டு, அதை மட்டும் சரிசெய்தால் போதும். அளக்காமல் ஆப்ஷன்களை மாற்றிக்கொண்டே போனால் ஒரு நாள் முழுக்க உட்கார்ந்தாலும் எது உதவியது, எது உதவவில்லை என்றே தெரியாது.

ஆரம்பிக்கும் முன் ஒரு குறிப்பு. ஆப்ஷன்களை எழுத்தின் பெயரால் சொல்லப் போகிறேன். ஸ்மால் சி என்றால் ஒரு ஹைஃபன், அதை ஒட்டி ஆங்கிலச் சின்ன எழுத்து. கேபிடல் சி என்றால் பெரிய எழுத்து. லினக்ஸில் இரண்டும் முற்றிலும் வேறு வேறு வேலை செய்யும், அதனால் கவனம் தேவை.

முதல் படி: இணைப்பை மட்டும் அளப்பது

பிட், பைட் குழப்பத்தை முதலில் தீர்த்துக்கொள்ளுங்கள். நெட்வொர்க் வேகத்தைப் பிட்டில் சொல்வார்கள், கோப்பின் அளவைப் பைட்டில் சொல்வார்கள். எட்டு பிட் ஒரு பைட். ஆக 1 ஜிபிபிஎஸ் என்பது நொடிக்கு 125 எம்பி. ஒவ்வொரு பாக்கெட்டிலும் முகவரி முதலிய தலைப்புத் தகவல்களுக்கு இடம் போக, வழக்கமான 1500 பைட் பாக்கெட் அளவில் நொடிக்குச் சுமார் 117 எம்பி மிஞ்சும். உங்கள் பரிமாற்றம் 110-ஐத் தாண்டி ஓடினால் அங்கே சரிசெய்ய ஒன்றுமில்லை, இந்தக் கட்டுரையை இத்துடன் நிறுத்திவிடலாம்.

அளக்க ஐபெர்ஃப்3 என்ற கருவி போதும். எல்லா டிஸ்ட்ரோவிலும் இருக்கிறது. தரவைப் பெறப் போகும் சர்வரில் ஸ்மால் எஸ் ஆப்ஷனோடு ஓடவிடுங்கள், அனுப்பும் சர்வரில் ஸ்மால் சி ஆப்ஷன் கொடுத்து அந்த சர்வரின் முகவரியைச் சேருங்கள். பத்து நொடியில் எண் வந்துவிடும். கேபிடல் ஆர் சேர்த்தால் எதிர்த்திசையில் அளக்கும். போக ஒரு வேகம், வர ஒரு வேகம் என்றிருப்பது சகஜம், அதனால் இரண்டையும் பாருங்கள். ஐபெர்ஃப்3-க்கு 5201 போர்ட் திறந்திருக்க வேண்டும். சோதனை முடிந்ததும் ஃபயர்வாலில் அதை மூடிவிடுங்கள்.

கூடவே பிங் போட்டுப் போக்குவரத்து நேரத்தை, அதாவது ஒரு பாக்கெட் போய்த் திரும்பி வர ஆகும் நேரத்தை, குறித்துக்கொள்ளுங்கள். இந்த ஒரு எண் பின்னால் மிக முக்கியமாகும்.

இரண்டாம் படி: டிஸ்க்

பெரிய கோப்பு ஒன்றை எடுத்து, டிடி கட்டளையால் படித்து, வருவதையெல்லாம் விழுங்கிவிடும் டெவ் நல்லுக்கு அனுப்பினால் படிக்கும் வேகம் தெரியும். இங்கே ஒரு பொறி இருக்கிறது. லினக்ஸ் ஒருமுறை படித்த கோப்பை ரேமில் வைத்துக்கொள்ளும். அதே கோப்பை மறுபடி படித்தால் டிஸ்கைத் தொடாமலே ரேமிலிருந்து வந்துவிடும், நொடிக்கு ஆயிரக்கணக்கில் எம்பி காட்டும். ஒவ்வொரு சோதனைக்கும் இதுவரை தொடாத கோப்பை எடுங்கள், அல்லது ரேமைவிடப் பெரிய கோப்பாகப் பாருங்கள்.

பெறும் பக்கத்தில் எழுதும் வேகத்தையும் அளக்க வேண்டும். சுழலும் ஹார்டு டிஸ்க் தொடர்ச்சியாக எழுதும்போது நொடிக்கு 100 முதல் 200 எம்பி வரை தரும், சின்னச் சின்னக் கோப்புகள் என்றால் அதில் ஒரு பங்குகூட வராது. கிளவுடில் இருப்பவர்கள் இன்னொன்றையும் பார்க்க வேண்டும்: அங்கே டிஸ்குக்கு வேக வரம்பு உண்டு. அமேசானின் ஜிபி3 வகை டிஸ்க் தனியாகக் காசு கட்டாதவரை நொடிக்கு 125 எம்பி-தான் தரும். அந்த டிஸ்கை வைத்துக்கொண்டு 10 ஜிபிபிஎஸ் இணைப்பில் எந்த சைஃபரை மாற்றினாலும் பயனில்லை.

மூன்றாம் படி: எஸ்எஸ்எச் மட்டும்

டிஸ்கைத் தொடாமல் எஸ்எஸ்எச் எவ்வளவு வேகம் போகும் என்று பார்க்க வேண்டும். டிடி கட்டளையில் உள்ளீடாக டெவ் ஸீரோவைக் கொடுத்து, 1 எம்பி துண்டுகளாக 2000 துண்டுகள் என்று சொல்லி, அதைப் பைப் வழியாக எஸ்எஸ்எச்-க்குத் திருப்புங்கள். அந்தப் பக்கத்தில் ஓட வேண்டிய கட்டளை, வருவதை வாங்கி டெவ் நல்லில் கொட்டும் கேட். 2 ஜிபி வெறும் பூஜ்யங்கள் எஸ்எஸ்எச் வழியாகப் போய் மறைந்துவிடும், டிடி முடிவில் வேகத்தைச் சொல்லும். கம்ப்ரஷன் அணைந்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் பூஜ்யங்கள் சுருங்கிப் பொய்யான எண் வரும்.

அது ஓடும்போதே இரண்டு சர்வரிலும் டாப் கட்டளையைத் திறந்து வையுங்கள். எஸ்எஸ்எச் அல்லது எஸ்எஸ்எச்டி என்ற பிராசஸ் 100 சதவீதத்தை ஒட்டி நிற்கிறதா என்று பாருங்கள். மொத்த சர்வரின் சுமையைப் பார்த்து ஏமாற வேண்டாம். ஒரு எஸ்எஸ்எச் இணைப்பின் என்கிரிப்ஷன் வேலை முழுவதும் ஒரே கோரில்தான் நடக்கும். 32 கோர் உள்ள சர்வரில் ஒரு கோர் திணறினால் மொத்தச் சுமை 3 சதவீதம் என்றுதான் தெரியும்.

இப்போது கையில் மூன்று எண்கள் இருக்கின்றன: ஐபெர்ஃப்3, டிஸ்க், எஸ்எஸ்எச். ஐபெர்ஃப்3 எண்ணே குறைவு என்றால் பிரச்சினை நெட்வொர்க்கில். டிஸ்க் எண் குறைவு என்றால் டிஸ்கில். மற்ற இரண்டும் நன்றாக இருந்து எஸ்எஸ்எச் மட்டும் குறைவாக இருந்து, கோர் 100 சதவீதத்தில் நின்றால் பிராசசர். கோர் சும்மா இருக்கிறது, ஆனாலும் எஸ்எஸ்எச் மெதுவாக இருக்கிறது என்றால் தூரம். மூன்றுமே நன்றாக இருந்து உண்மையான பரிமாற்றம் மட்டும் ஊர்ந்தால், கோப்புகளின் எண்ணிக்கைதான் காரணமாக இருக்கும்.

பிராசசர் தடையாக இருந்தால்

முதலில் எந்த சைஃபர் ஓடுகிறது என்று பாருங்கள். எஸ்எஸ்எச்-ஐ ஸ்மால் வி ஆப்ஷனோடு ஓடவிட்டால் வரும் நீளமான செய்திகளில் சைஃபரின் பெயரும் கம்ப்ரஷன் உண்டா இல்லையா என்பதும் இருக்கும். ஓபன்எஸ்எஸ்எச் தானாகத் தேர்ந்தெடுக்கும் பட்டியலில் முதலில் இருப்பது சாச்சா20-பாலி1305. டேனியல் பெர்ன்ஸ்டீன் வடிவமைத்த இந்த முறை, தனி வன்பொருள் உதவி எதுவும் இல்லாமலே வேகமாக ஓடும். ரெட்ஹாட் வகை டிஸ்ட்ரோக்கள் மட்டும் தங்கள் பாதுகாப்புக் கொள்கைப்படி ஏஇஎஸ் என்ற இன்னொரு சைஃபரை முன்னால் வைக்கின்றன.

ஏஇஎஸ்-இன் கதை வேறு. இன்டெல் 2010-இல் வெஸ்ட்மியர் பிராசசர்களில் ஏஇஎஸ் வேலைக்கென்றே தனிக் கட்டளைகளைச் சேர்த்தது. அதற்குப் பின் வந்த ஏறக்குறைய எல்லா இன்டெல், ஏஎம்டி சர்வர் பிராசசர்களிலும் இது உண்டு. எல்எஸ்சிபியு கட்டளை காட்டும் கொடிகளின் (ஃபிளாக்ஸ்) வரிசையில் ஏஇஎஸ் என்ற சொல் இருந்தால் உங்களிடமும் இருக்கிறது. அப்படி இருந்தால் ஏஇஎஸ்128-ஜிசிஎம், சாச்சாவைவிடத் தெளிவாக வேகம் காட்டும். ஜிசிஎம் முறையில் என்கிரிப்ஷனும், தரவு வழியில் மாறவில்லை என்ற சரிபார்ப்பும் சேர்ந்தே நடப்பதால் அந்தச் சரிபார்ப்புக்குத் தனிச் செலவு கிடையாது.

மாற்றுவது எளிது. எஸ்எஸ்எச், எஸ்சிபி இரண்டிலும் ஸ்மால் சி ஆப்ஷனுக்குப் பின் சைஃபர் பெயரைக் கொடுக்கலாம். சரியான பெயர் வேண்டுமானால் எஸ்எஸ்எச்-இல் கேபிடல் க்யூ போட்டு சைஃபர் என்று கேளுங்கள், உங்கள் பக்கம் தெரிந்த எல்லாவற்றையும் பட்டியல் போடும். ஜிசிஎம் பெயருக்குப் பின்னால் ஒட்டியிருக்கும் ஓபன்எஸ்எஸ்எச் முகவரியும் பெயரின் பகுதிதான், அதை விட்டுவிடக் கூடாது. அடிக்கடி அனுப்பும் சர்வர் என்றால் உங்கள் வீட்டு ஃபோல்டரின் எஸ்எஸ்எச் கான்ஃபிக் கோப்பில் அந்த ஒரு ஹோஸ்டுக்கு மட்டும் சைஃபர்ஸ் வரியைச் சேருங்கள். எல்லா ஹோஸ்டுக்கும் சேர்த்துப் போட்டால், ஏதாவது ஒரு பழைய சர்வரோடு ஒருநாள் இணைப்பே கிடைக்காமல் போகலாம்.

இதில் எல்லோருக்கும் ஒரே பதில் கிடையாது. ராஸ்பெர்ரி பை 4-இல் ஏஇஎஸ் வன்பொருள் உதவி இல்லை. அங்கே சாச்சாதான் வேகம், மாற்றினால் நஷ்டம். ராஸ்பெர்ரி பை 5-இல் அந்த உதவி வந்துவிட்டது. சந்தேகம் இருந்தால் ஓபன்எஸ்எஸ்எல் கருவியின் ஸ்பீட் சோதனையை இரண்டு சைஃபருக்கும் ஓடவிட்டு ஒப்பிடுங்கள். இன்னொன்றும் சொல்ல வேண்டும்: 1 ஜிபிபிஎஸ் இணைப்பில் இன்றைய சர்வர் பிராசசர்கள் எந்த சைஃபரிலும் இணைப்பை நிரப்பிவிடும். சைஃபர் மாற்றத்தின் பலன் 10 ஜிபிபிஎஸ்-இல்தான் கண்ணுக்குத் தெரியும்.

ஜிசிஎம் பக்கம் போவதற்கு வேகத்தைத் தவிர ஒரு காரணமும் உண்டு. 2023 டிசம்பரில் ஜெர்மனியின் போஹும் நகரில் உள்ள ரூர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வெளியிட்ட டெராபின் தாக்குதல், சாச்சா20-பாலி1305 முறையைப் பாதித்தது. ஜிசிஎம்-ஐப் பாதிக்கவில்லை. ஓபன்எஸ்எஸ்எச் 9.6 அதற்குத் தீர்வு கொண்டுவந்தது, ஆனால் இரண்டு பக்கமும் புதுப்பித்திருந்தால்தான் அது வேலை செய்யும். கேபிடல் வி கொடுத்துப் பதிப்பு எண்ணைப் பார்த்துக்கொள்ளுங்கள். டிஸ்ட்ரோக்கள் பழைய எண்ணிலேயே திருத்தத்தைச் சேர்த்து வெளியிடுவதும் வழக்கம், அதனால் பாதுகாப்பு அப்டேட்டுகள் தவறாமல் ஏறுகின்றனவா என்பதுதான் முக்கியம்.

தூரம் தடையாக இருந்தால்

புதியவர்கள் அதிகம் தடுமாறுவது இங்கேதான், ஏனென்றால் எந்த மீட்டரிலும் எதுவும் சிவப்பாகத் தெரியாது. பிராசசர் சும்மா இருக்கும், டிஸ்க் சும்மா இருக்கும், இணைப்பும் பாதிக்கு மேல் காலியாகவே இருக்கும். ஆனாலும் வேகம் வராது.

காரணம் இதுதான். எஸ்எஸ்எச் தன் ஒவ்வொரு சேனலுக்கும் ஒரு வரம்பு வைத்திருக்கிறது. அனுப்புபவர், பெறுபவரிடமிருந்து "வந்து சேர்ந்தது, இன்னும் அனுப்பு" என்ற பதில் வராமல் அதிகபட்சம் 2 எம்பி வரைதான் வழியில் விடலாம். அது தீர்ந்ததும் பதிலுக்காகக் காத்திருக்க வேண்டும். இரண்டு சர்வரும் ஒரே ரேக்கில் இருந்தால் பதில் ஒரு மில்லிசெகண்டுக்குள் வந்துவிடும், வரம்பு இருப்பதே தெரியாது. தூரம் கூடினால்தான் அது உறைக்கும்.

ஒரு கணக்கு போட்டுப் பார்க்கலாம். மும்பையில் ஒரு சர்வர், ஃபிராங்க்ஃபர்ட்டில் ஒரு சர்வர். நேர்கோட்டில் சுமார் 6,500 கிலோமீட்டர். கண்ணாடி இழைக்குள் ஒளி நொடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர் போகும். ஆகவே போய்வரக் குறைந்தது 65 மில்லிசெகண்ட் ஆகியே தீரும், எவ்வளவு காசு கொடுத்தாலும் இதைக் குறைக்க முடியாது. கடலடிக் கேபிள்கள் நேர்கோட்டில் போவதில்லை என்பதால் நடைமுறையில் 100-ஐத் தாண்டும். 120 என்று வைத்துக்கொள்வோம். 120 மில்லிசெகண்டுக்கு ஒருமுறை 2 எம்பி என்றால் நொடிக்கு 17 எம்பி. இணைப்பு 1 ஜிபிபிஎஸ் ஆனாலும் சரி, 10 ஜிபிபிஎஸ் ஆனாலும் சரி, ஒரு எஸ்எஸ்எச் இணைப்புக்கு இதுதான் உச்சம். 200 மில்லிசெகண்ட் என்றால் 10 எம்பி. கட்டுரையின் தொடக்கத்தில் சொன்ன எண் இப்படித்தான் வருகிறது.

உங்கள் பிங் நேரத்தை வைத்து இதே கணக்கைப் போடுங்கள்: 2 எம்பி-யைப் போக்குவரத்து நொடியால் வகுத்தால் போதும். வரும் விடையும் நீங்கள் பார்க்கும் வேகமும் ஏறக்குறைய ஒன்றாக இருந்தால் காரணம் உறுதி.

இந்த இடத்தில் பல வழிகாட்டிகள் கர்னலின் டிசிபி பஃபர்களை (அனுப்பும், பெறும் தரவைத் தற்காலிகமாக வைக்கும் இடம்) ஏற்றச் சொல்லும். சாதாரண ஓபன்எஸ்எஸ்எச்-க்கு அது மட்டும் உதவாது. பல கர்னல்களில் பெறும் பஃபர் தானாகவே 6 எம்பி வரை வளரும். அதில் ஒரு பங்கு கர்னலின் சொந்தக் கணக்குக்குப் போனாலும், எஸ்எஸ்எச்-இன் 2 எம்பி வரம்புதான் முதலில் குறுக்கே நிற்கிறது. வாசலில் வரம்பு இருக்கும்போது சாலையை அகலப்படுத்தி என்ன பயன்?

சரி, என்ன செய்யலாம்? எளிய வழி, பல இணைப்புகளை ஒரே நேரத்தில் ஓடவிடுவது. வரம்பு ஒரு சேனலுக்குத்தான். நான்கு தனி இணைப்பு என்றால் நான்கு மடங்கு. என்கிரிப்ஷனும் நான்கு கோர்களில் பரவிவிடும், அதனால் பிராசசர் தடைக்கும் இதே மருந்து வேலை செய்யும்.

செய்முறை: அனுப்ப வேண்டிய ஃபோல்டருக்குள் உள்ள முதல் மட்ட ஃபோல்டர்களின் பெயர்களைப் பட்டியலாக எடுங்கள். அந்தப் பட்டியலை எக்ஸ்ஆர்க்ஸ் கட்டளைக்குப் பைப் செய்யுங்கள். அதில் கேபிடல் பி 4 என்றால் ஒரே நேரத்தில் நான்கு வேலை, ஸ்மால் என் 1 என்றால் வேலைக்கு ஒரு பெயர். ஒவ்வொரு பெயருக்கும் ஓட வேண்டியது ஒரு ஆர்சிங்க், அதாவது அந்தப் பக்கம் இல்லாததையும் மாறியதையும் மட்டும் நகலெடுக்கும் கருவி. பெயர்களில் இடைவெளி இருந்தால் பட்டியலை ஃபைண்ட் கட்டளையின் பிரிண்ட்0 ஆப்ஷனால் எடுத்து, எக்ஸ்ஆர்க்ஸில் பூஜ்யம் ஆப்ஷனைச் சேருங்கள். நான்கில் தொடங்கி எட்டு வரை ஏற்றிப் பாருங்கள், வேகம் ஏறுவது நின்ற இடத்தில் நிறுத்துங்கள். சுழலும் டிஸ்க் என்றால் அதிகம் ஏற்றாதீர்கள், தலை அங்கும் இங்கும் ஓடி வேகம் இன்னும் குறையும். ஃபோல்டர்கள் சமமாக இல்லாமல் ஒன்று மட்டும் பெரிதாக இருந்தால் கடைசியில் அது ஒன்றே தனியாக ஓடிக்கொண்டிருக்கும், அதை மட்டும் உள்ளே போய்ப் பிரியுங்கள்.

ஒரே ஒரு பிரம்மாண்டக் கோப்பு என்றால் ஃபோல்டராகப் பிரிக்க வழியில்லை. அதற்கு எல்எஃப்டிபி என்ற கருவி இருக்கிறது. பெறும் சர்வரிலிருந்து அதைத் திறந்து, எஸ்எஃப்டிபி (எஸ்எஸ்எச் வழியாகக் கோப்பை அனுப்பும் முறை) முகவரி கொடுத்து, பிகெட் கட்டளையில் ஸ்மால் என் 4 என்று சொன்னால் கோப்பை நான்கு பகுதியாக நான்கு இணைப்பில் இழுத்துக்கொள்ளும்.

ஒரு எச்சரிக்கை. எஸ்எஸ்எச் கான்ஃபிக்கில் கன்ட்ரோல்மாஸ்டர் வசதியை இயக்கியிருப்பவர்கள் உண்டு. ஒருமுறை உள்நுழைந்த இணைப்பையே அடுத்தடுத்த கட்டளைகளும் பகிர்ந்துகொள்ளும் வசதி அது. சின்னச் சின்ன எஸ்சிபி-களை வரிசையாக ஓட்டும் ஸ்கிரிப்டுக்கு மிகவும் நல்லது, ஒவ்வொரு முறையும் கைகுலுக்கும் நேரம் மிச்சம். ஆனால் இணையாக ஓடும் நான்கு ஆர்சிங்க்களும் ஒரே டிசிபி இணைப்புக்குள், ஒரே பிராசஸுக்குள் அடைந்துவிடும். கோர் பரவுவதும் போய்விடும், டிசிபி பக்கப் பலனும் போய்விடும். இந்த வேலைக்கு மட்டும் அதை அணைத்துவிடுங்கள்.

நீண்ட தூரப் பரிமாற்றமே தினசரி வேலை என்றால் எச்பிஎன்-எஸ்எஸ்எச் பற்றித் தெரிந்துகொள்ளுங்கள். பிட்ஸ்பர்க் சூப்பர்கம்ப்யூட்டிங் சென்டரில் உருவான ஓபன்எஸ்எஸ்எச்-இன் மாற்று வடிவம் இது. அந்த 2 எம்பி வரம்பை விரிவாக்குகிறது, ஏஇஎஸ் வேலையைப் பல கோர்களுக்குப் பிரித்தும் கொடுக்கிறது. தரவைப் பெறும் பக்கத்தில் இருந்தாலே வரம்பு நீங்கிய பலன் கிடைக்கும். இதைப் போட்ட பிறகு டிசிபி பஃபர்களை ஏற்றுவதற்கு அர்த்தம் உண்டு: கர்னல் அமைப்புகளை மாற்றும் சிஸ்சிடிஎல்-இல் டிசிபி ஆர்மெம், டபிள்யூமெம் இரண்டிலும் மூன்று எண்கள் இருக்கும், மூன்றாவது எண்ணை மட்டும் 33554432 ஆக்குங்கள், அதாவது 32 எம்பி. 1 ஜிபிபிஎஸ் இணைப்பு 100 மில்லிசெகண்ட் தூரத்தில் நிரம்பியிருக்க வழியில் 12.5 எம்பி இருக்க வேண்டும் என்பதால் இது தாராளம். என் கருத்தில், எப்போதாவது ஒருமுறை தரவு மாற்றுபவர்கள் இதற்கெல்லாம் போக வேண்டாம். நான்கு இணைப்பு முறையே போதும்.

வழியில் பாக்கெட்டுகள் தொலையும் இணைப்பு என்றால் பிபிஆர் முயன்று பார்க்கலாம். லினக்ஸ் வழக்கமாகப் பயன்படுத்தும் கியூபிக் முறை ஒவ்வொரு பாக்கெட் இழப்பையும் நெரிசல் என்று எடுத்துக்கொண்டு வேகத்தைக் குறைக்கும். கூகுள் உருவாக்கிய பிபிஆர், இணைப்பின் உண்மையான கொள்ளளவை அளந்து அதன்படி அனுப்பும். 2016-இல் வந்த 4.9 கர்னலிலிருந்து இருக்கிறது. அனுப்பும் சர்வரில் மட்டும் மாற்றினால் போதும். இழப்பே இல்லாத நல்ல இணைப்பில் பெரிய வித்தியாசம் எதிர்பார்க்க வேண்டாம்.

லட்சக்கணக்கில் சின்னக் கோப்புகள்

இணையதளத்தின் படங்கள், மின்னஞ்சல் பெட்டிகள், நிரல் களஞ்சியங்கள் எல்லாம் இந்த வகை. 2022-இல் வந்த ஓபன்எஸ்எஸ்எச் 9.0-இலிருந்து எஸ்சிபி உள்ளுக்குள் எஸ்எஃப்டிபி முறையைத்தான் பயன்படுத்துகிறது. ஒவ்வொரு கோப்பையும் திற, எழுது, மூடு என்று தனித்தனியாகக் கேட்டுப் பதில் வாங்கும். ஒரு கோப்புக்கு மூன்று போக்குவரத்து என்று வைத்தாலும், 100 மில்லிசெகண்ட் தூரத்தில் ஒரு லட்சம் கோப்புக்கு 30,000 நொடி, எட்டு மணி நேரத்துக்கு மேல். கோப்பு ஒவ்வொன்றும் 1 கேபி-யாக இருந்தாலும் இதே நேரம்தான்.

முதல் முறை அனுப்பும்போது இதற்கு டார் பைப்பை மிஞ்ச எதுவும் இல்லை. இந்தப் பக்கம் டார் ஃபோல்டரை ஒரே ஓட்டமாகக் கட்டும். வெளியீட்டுக் கோப்பின் பெயர் வரும் இடத்தில் வெறும் ஹைஃபன் கொடுத்தால் டிஸ்கில் எழுதாமல் பைப்பில் விடும். பைப் எஸ்எஸ்எச்-க்குள் போகும். அந்தப் பக்கம் இன்னொரு டார், ஸ்மால் எக்ஸ் ஆப்ஷனோடு, அதே ஹைஃபனிலிருந்து வாங்கிப் பிரிக்கும். எந்த ஃபோல்டரில் பிரிக்க வேண்டும் என்பதைக் கேபிடல் சி சொல்லும். கோப்புக்குக் கோப்பு பதில் வாங்கும் வேலையே இல்லை, தரவு நிற்காமல் ஓடும்.

இதன் குறை, நடுவில் அறுந்தால் விட்ட இடத்திலிருந்து தொடராது. அதனால் டார் முடிந்தாலும் அறுந்தாலும், அதன் மேல் ஒரு ஆர்சிங்க் ஓடவிடுவது நல்ல வழக்கம். வந்து சேர்ந்தவற்றை அது தாண்டிப் போய், விட்டுப்போனதை மட்டும் அனுப்பும். அடுத்தடுத்த நாட்களில் மாறியதை மட்டும் அனுப்பவும் ஆர்சிங்க்தான்.

ஆர்சிங்க்கைச் சரியாகப் பிடிப்பது

ஆண்ட்ரூ டிரிட்ஜெலும் பால் மெக்கராஸும் 1996-இல் வெளியிட்ட கருவி இது. கோப்பின் மாறிய பகுதியை மட்டும் கண்டுபிடித்து அனுப்பும் அதன் முறை மெதுவான இணைப்புக்காக உருவானது. வேகமான உள்நெட்வொர்க்கில் அந்தக் கண்டுபிடிப்பு வேலையே சுமையாகிவிடும், பழைய கோப்பு முழுவதையும் டிஸ்கிலிருந்து படித்து ஒப்பிட வேண்டியிருப்பதால். அங்கே கேபிடல் டபிள்யூ சேருங்கள், கோப்பை முழுசாகவே அனுப்பிவிடும். தொலைதூரத்துக்கு அதைச் சேர்க்காதீர்கள்.

வழக்கமாக வேண்டியவை ஸ்மால் ஏ, கேபிடல் பி இரண்டும். முதலாவது அனுமதிகளையும் நேரங்களையும் காப்பாற்றும், இரண்டாவது முன்னேற்றத்தைக் காட்டிக்கொண்டு பாதியில் நின்ற கோப்பையும் வைத்திருக்கும். ஸ்மால் ஏ-க்குள் ஹார்டு லிங்க், ஏசிஎல் (கூடுதல் அனுமதிப் பட்டியல்), கூடுதல் பண்புகள் மூன்றும் அடங்காது. முழு சர்வரையும் மாற்றுகிறீர்கள் என்றால் கேபிடல் எச், கேபிடல் ஏ, கேபிடல் எக்ஸ் சேர்க்க வேண்டும்.

மூல ஃபோல்டரின் பெயருக்குப் பின் சாய்கோடு இருந்தால் உள்ளே இருப்பவை மட்டும் போகும், இல்லாவிட்டால் ஃபோல்டரே போகும். டிலீட் ஆப்ஷனோடு இந்தச் சாய்கோடு மாறிவிட்டால் அந்தப் பக்கம் இருக்கும் நல்ல கோப்புகள் அழிந்துவிடும். முதலில் ஸ்மால் என் போட்டு ஒத்திகை பாருங்கள், எது போகும், எது அழியும் என்று பட்டியல் மட்டும் காட்டும். பயனர்கள் வேலை செய்துகொண்டிருக்கும் சர்வர் என்றால் பிடபிள்யூலிமிட் ஆப்ஷனால் வேகத்துக்குக் கடிவாளம் போடுங்கள். மணிக்கணக்கில் ஓடும் எதையும், டெர்மினலைச் சர்வரிலேயே உயிரோடு வைத்திருக்கும் டிமக்ஸுக்குள் ஓடவிடுங்கள், உங்கள் லேப்டாப் இணைப்பு அறுந்தாலும் வேலை நிற்காது.

சுருக்கி அனுப்பலாமா?

எஸ்எஸ்எச்-இன் கேபிடல் சி ஆப்ஷன் ஸெட்லிப் முறையில் சுருக்கும். ஒரே கோரில், நொடிக்குச் சில பத்து எம்பி வேகத்தில். வேகமான இணைப்பில் இதைப் போட்டால் பரிமாற்றம் மெதுவாகும், பலர் இதைக் கான்ஃபிக்கில் போட்டுவிட்டு மறந்திருப்பார்கள். படம், வீடியோ, ஏற்கெனவே சுருக்கிய காப்புக் கோப்புகளுக்கு எந்தச் சுருக்கமும் பயன்தராது.

டேட்டாபேஸ் டம்ப், லாக் கோப்பு போன்ற எழுத்துத் தரவு என்றால் விஷயம் வேறு, பல மடங்கு சுருங்கும். அவற்றுக்கு ஃபேஸ்புக்கில் யான் கோலெ உருவாக்கிய ஸெட்ஸ்டாண்டர்டைப் பயன்படுத்துங்கள். டார் பைப்பின் நடுவில் மட்டம் 1-இல் வைத்து, கேபிடல் டி பூஜ்யம் கொடுத்தால் எல்லாக் கோர்களையும் பயன்படுத்தும். அந்தப் பக்கம் விரிக்க ஸ்மால் டி. 2020-இல் வந்த ஆர்சிங்க் 3.2 முதல் ஆர்சிங்க்குக்கு உள்ளேயும் இது இருக்கிறது.

தினமும் அனுப்புபவர்களுக்கு வயர்கார்டு

வேகத்துக்காக என்கிரிப்ஷனையே விட்டுவிடலாம் என்று சிலர் சொல்வார்கள். ஆர்சிங்க் டீமனை (எஸ்எஸ்எச் இல்லாமல் பின்னணியில் ஓடும் ஆர்சிங்க் சேவை) நேராக இணையத்தில் திறப்பது, நெட்கேட்டில் கொட்டுவது என்று. வாடகை நெட்வொர்க்கிலும் பொது இணையத்திலும் இதைச் செய்யவே கூடாது. தரவு உங்களுடையது மட்டும் அல்ல, அதில் பெயரும் முகவரியும் உள்ள ஒவ்வொருவருடையதும்.

அதே வேகத்தைப் பாதுகாப்போடு பெற வழி இருக்கிறது. ஜேசன் டோனன்ஃபெல்ட் எழுதிய வயர்கார்டு என்ற விபிஎன், 2020 மார்ச்சில் வந்த 5.6 கர்னலிலேயே சேர்ந்துவிட்டது. இரண்டு சர்வருக்கும் நடுவில் ஒரு வயர்கார்டு சுரங்கம் போட்டு, ஆர்சிங்க் டீமனை அந்தச் சுரங்கத்தின் உள் முகவரியில் மட்டும் கேட்கும்படி வையுங்கள். வெளி முகவரியில் 873 போர்ட் மூடியிருக்க வேண்டும், டீமன் கான்ஃபிக்கில் எதிர் சர்வரை மட்டும் அனுமதிக்க வேண்டும். என்கிரிப்ஷன் வேலை கர்னலில், பல கோர்களில் நடக்கும். எஸ்எஸ்எச்-இன் 2 எம்பி வரம்பும் இந்தப் பாதையில் கிடையாது, எனவே முன்பு சொன்ன பஃபர் மாற்றமும் பிபிஆரும் இங்கே முழுப் பலன் தரும். ஒருமுறை அமைக்க அரை நாள் போனாலும் தினசரி காப்புக்கு இது எனக்கு மிகவும் பிடித்த ஏற்பாடு.

முடிந்த பிறகு

பழைய சர்வரை அழிப்பதற்கு முன் சரிபார்ப்பது கட்டாயம். எஸ்எஸ்எச் வழியில் தரவு கெட்டால் கண்டுபிடித்துவிடும், ஆர்சிங்க்கும் அனுப்பிய கோப்பை முழுதாகச் சரிபார்க்கும். ஆனால் டிஸ்க் நிறைந்து பாதியில் நின்ற டார், பட்டியலில் விட்டுப்போன ஃபோல்டர் இவற்றை யாரும் வந்து சொல்ல மாட்டார்கள். ஆர்சிங்க்கை ஸ்மால் ஏ, ஸ்மால் என், ஸ்மால் சி, ஸ்மால் ஐ நான்கும் சேர்த்து ஒருமுறை ஓடவிடுங்கள். எதையும் அனுப்பாமல் இரு பக்கமும் கோப்புகளை முழுதாகப் படித்து ஒப்பிட்டு, வித்தியாசம் உள்ளவற்றை மட்டும் பட்டியலிடும். இரண்டு டிஸ்க்களையும் முழுக்கப் படிக்க வேண்டும் என்பதால் நேரம் எடுக்கும், இரவில் விட்டுவிடுங்கள். காலையில் பட்டியல் காலியாக இருந்தால் பழைய சர்வரை நிறுத்தலாம்.